கிழட்டு குண்டுக்குப் புதுக் கண்ணாடி

பதிவு போட்டு ரொம்ப நாளாச்சு. ஆபீஸ்ல ஒரு ரிலீஸ், அப்புறம் அந்த ரிலீஸ்ல வந்த பக்குகள், அப்புறம் அந்த பக்கை சரி பண்ணதுல வந்த பக்குகள்... போன சனிக்கிழமைதான் கொஞ்சம் மூச்சு விட முடிஞ்சது. காலையிலேயே செங்கல்பட்டுல இருந்து பைக்கை எடுத்துக்கிட்டு, திருக்கழுக்குன்றம் வழியா மாமல்லபுரம் போனேன். பின்னால உட்கார்ந்து வந்தவர் எங்க தெரு ஏர்ஃபோர்ஸ் மாமா.

மாமாவுக்கு எழுபத்தஞ்சு தாண்டியாச்சு. சொந்தக்காரர் இல்லை, தெருவுக்கே மாமா. விமானப்படையில் ஆர்மமென்ட் பிரிவில் வேலை பார்த்தவர். அதாவது விமானத்துல குண்டு மாட்டுற ஆளு. 1971 போர்ல கிழக்குப் பக்கம் இருந்தார். "பைலட்டுக்குத்தான் மெடலு, எங்களுக்கு முதுகுவலி" என்பது அவருடைய நிரந்தர டயலாக் :-)

வெண்ணெய் உருண்டைப் பாறைக்குக் கீழே, வழக்கம்போல நாலு பேர் பாறையைத் தாங்கிப் பிடிக்கிற மாதிரி போட்டோ எடுத்துக்கிட்டு இருந்தாங்க. மாமா கொஞ்ச நேரம் அதையே பார்த்துட்டு சொன்னார்: "தம்பி, இது 250 டன்னுங்கறாங்க. உருட்டி விட்டா எங்க போய் நிக்கும்னு சொல்லு பாப்போம்?"

"அது எப்படி மாமா சொல்ல முடியும்?"

"அவ்வளவுதான். அந்தக் காலத்துல நாங்க மாட்டி அனுப்புன குண்டும் அதான். விட்டா போகும். எங்க போகும்னு அதுக்கும் தெரியாது."

பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்ததும் என் போனில் ஒரு வீடியோ காட்டினேன். உக்ரைன் போரில் ரஷ்ய விமானம் ஒன்று குண்டு போடுகிறது. குண்டின் முதுகில் தகரத்துல அடிச்ச மாதிரி ரெண்டு சிறகு. விழுந்ததும் சிறகு விரியுது, குண்டு மிதந்து போகுது. மாமா மூக்குக்கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கிட்டு போனை வாங்கிப் பார்த்தார். ரெண்டாவது தடவை பார்த்தார்.

"டேய், இது எங்க குண்டுடா! எம்-62!"

இந்தப் பதிவு அங்கே ஆரம்பிச்சதுதான்.

குண்டுன்னா என்ன?

நம்மில் பல பேர் குண்டையும் ஏவுகணையையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்கறோம். ஏவுகணைக்கு எஞ்சின் உண்டு. குண்டுக்குக் கிடையாது. குண்டு என்பது தடிமனான இரும்பு உறை, உள்ளே வெடிமருந்து, வெடிக்க வைக்க ஒரு ஃபியூஸ், நேரா விழ வால்ல சில தகடுகள். மொத்த எடையில் பாதிக்குக் கொஞ்சம் குறைவா வெடிமருந்து, மீதி இரும்பு. சமாச்சாரம் இவ்வளவுதான்.

இந்த டிசைன் மாறவே இல்லை என்பதுதான் ஆச்சரியம். ரஷ்யாவின் ஃபேப்-500 எம்-62 என்ற 500 கிலோ குண்டின் பெயரில் இருக்கும் 62 என்பது 1962-ம் வருஷத்து மாடல் என்று அர்த்தம். 1,500 கிலோ, 3,000 கிலோ குண்டுகளின் பெயரில் எம்-54 என்று இருக்கும், அது 1954 மாடல். அமெரிக்காவின் எம்.கே. வரிசைக் குண்டுகள் (2,000 பவுண்டு எம்.கே.-84 இதில்தான் வரும்) 1940-களின் கடைசியில் வரைந்த உருவம். நம்ம விமானப்படை பல காலம் வைத்திருந்த 1,000 பவுண்டு குண்டும் இரண்டாம் உலகப்போர் கால பிரிட்டிஷ் குண்டின் வாரிசுதான்.

நம்ம பாஷையில் சொன்னா, இது லெகசி கோடு. எழுதினவன் ரிட்டயர் ஆகிப் பேரன் எடுத்தாச்சு. ஆனா கோடு இன்னும் ஓடிக்கிட்டு இருக்கு. யாரும் உள்ளே கை வைக்கறதில்லை. வைக்க வேண்டிய அவசியமும் இல்லை, ஏன்னா அது செய்ய வேண்டிய வேலையை (வெடிக்கறதை) ஒழுங்கா செய்யுது. பிரச்சினை வெடிக்கறதில் இல்லை, போய்ச் சேர்றதில்.

ஒரு சின்ன கணக்கு. பிளஸ் டூ பிசிக்ஸ்தான், பயப்படாதீங்க. இலக்குக்கு 4 கிலோமீட்டர் உயரத்தில் விமானம் பறக்குது, வேகம் நொடிக்கு 250 மீட்டர். குண்டை விட்டா, காற்றுத்தடையைக் கணக்கில் எடுக்காமல் பார்த்தால், தரையைத் தொட சுமார் 28 நொடி. அதுக்குள்ள குண்டு முன்பக்கமா 7 கிலோமீட்டர் போயிடும். அதாவது 7 கிலோமீட்டருக்கு முன்னாடியே விடணும். பட்டனை அரை நொடி தாமதமா அமுக்கினா 125 மீட்டர் தள்ளி விழும். விமானத்தோட வேகத்தை நொடிக்கு 3 மீட்டர் தப்பா நினைச்சா இன்னொரு 85 மீட்டர். இதுல காத்து, குண்டோட வால் கோணல் எல்லாம் தனி.

கிட்ட போ, இன்னும் கிட்ட போ

அப்போ குறி தப்பாம அடிக்க ஒரே வழி, கிட்டப் போறது. இது விமானம் வந்தப்புறம் கண்டுபிடிச்சதும் இல்லை.

எங்க ஊர்லயே உதாரணம் இருக்கு. 1752-ல் ராபர்ட் கிளைவ் முதலில் கோவளம் கோட்டையைப் பிடிச்சார், அடுத்து செங்கல்பட்டுக் கோட்டைக்கு வந்தார். ரெண்டுமே பிரெஞ்சுக்காரர்கள் பக்கம் இருந்த கோட்டைகள். செங்கல்பட்டுக் கோட்டைக்கு ஏரியும் சதுப்பும் காவல். பீரங்கியைத் தூரத்தில் நிறுத்திச் சுட்டா மதில்ல கீறல்தான் விழும். பக்கத்தில் கொண்டு வந்து ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அடிச்சாத்தான் உடையும். ஆனா பக்கத்தில் போனா எதிரி சுடுவான். துல்லியம் வேணும்னா உயிரை முன்பணமாக் கட்டணும். கடைசியில் மதில் உடைஞ்சது, கோட்டை சரணடைந்தது. இன்னிக்கு கொளவாய் ஏரிக்கரையில் ரயிலுக்கு நிற்கிறப்போ அந்த மிச்சக் கோட்டையை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கறதில்லை, நான் உட்பட.

190 வருஷம் தள்ளி வருவோம். 1942 ஏப்ரல். ஜப்பான் கப்பற்படை வங்காள விரிகுடாவுக்குள் வந்தாச்சு. ஏப்ரல் 5-ல் கொழும்பில் குண்டு விழுந்தது, 9-ல் திருகோணமலையில். சென்னையில் பீதி கிளம்பி பாதி நகரம் காலி. மிருகக்காட்சி சாலையில் கூண்டு உடைந்து வெளியே வந்துடும்னு பயந்து கொடிய மிருகங்களைச் சுட்டுக் கொன்றதும் அப்போதான். எங்க தாத்தா தலைமுறையில் "எவாகுவேஷன்" என்ற இங்கிலீஷ் வார்த்தை தெரியாதவங்களே கிடையாது.

அதே ஏப்ரல் 9-ல் மட்டக்களப்புக்குப் பக்கத்துக் கடலில் பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் ஹெர்மிஸ் மூழ்கியது. அதில் அன்னிக்கு விமானமே இல்லை. ஜப்பானிய டைவ் பாம்பர்கள் செங்குத்தா தலைகீழாப் பாய்ந்து, ரொம்பத் தாழ வந்து குண்டை விட்டுட்டு நிமிர்ந்து போனாங்க. சில நிமிஷங்களில் கதை முடிஞ்சது. 300-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சாதாரணக் குண்டுதான். அதுக்குக் கண்ணாவும் மூளையாவும் இருந்தது பைலட். நிமிர முடியாம போனா அவனும் குண்டோடயே போக வேண்டியதுதான்.

இப்போ மாமாவின் காலம். 1971 டிசம்பர் முதல் வாரம், டாக்கா. பாகிஸ்தான் சேபர் விமானங்களைத் தரையில் முடக்கணும்னா தேஜ்காவ் விமானத்தளத்தின் ஓடுபாதையை உடைக்கணும். ஓடுபாதை கிலோமீட்டர் கணக்கில் நீளம்தான், ஆனா அகலம் சில பத்து மீட்டர். நம்ம மிக்-21 விமானங்கள் 500 கிலோ ரஷ்யக் குண்டுகளை மாட்டிக்கிட்டு, உயரத்திலிருந்து சரேல்னு சாய்வா இறங்கி வந்து போட்டன. ஓடுபாதையில் பள்ளம் விழுந்தது. சேபர்கள் அப்புறம் எழும்பவே இல்லை. அந்தக் குண்டுதான் எம்-62. அதனாலதான் மாமா டீக்கடையில் அப்படிக் கத்தினார்.

"சாக்பீஸ்ல எழுதி அனுப்புவோம் தம்பி. அம்பது வருஷம் கழிச்சு அதுக்கு றெக்கை முளைக்கும்னு கனவுலகூட நினைக்கல" என்றார்.

பாலம் விழாத ஏழு வருஷம்

கிட்டப் போறதுக்கும் ஒரு எல்லை இருக்கு. விமான எதிர்ப்பு பீரங்கி, ஏவுகணை எல்லாம் வந்தப்புறம் கிட்டப் போனவன் திரும்பி வர்றது கஷ்டமாச்சு.

வியட்நாமில் தான் ஹோவா என்று ஒரு பாலம். 1965 ஏப்ரலில் அமெரிக்கா அதை முதல் முறையாகத் தாக்கியது. 750 பவுண்டு குண்டுகள் விழுந்தும் பாலம் கருகியதே தவிர விழவில்லை. வருஷக்கணக்கில் நூற்றுக்கணக்கான விமானங்கள் போனாங்க, பல விமானங்கள் திரும்பலை, பாலம் மட்டும் நின்னுச்சு. கடைசியா 1972 மே 13-ல் லேசர் வழிகாட்டிக் குண்டுகள் போட்டாங்க. பாலம் ஒடிந்தது.

அந்த லேசர் குண்டு ஒண்ணும் புதுக் குண்டு இல்லை. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் (ஆமாங்க, நம்ம காலேஜ் லேபில் ஐ.சி. சிப்பு மேல பேர் இருக்குமே, அதே கம்பெனிதான்) 1960-களில் ஒரு வேலை பண்ணாங்க. குண்டை மாத்தலை. கிடங்கில் இருந்த பழைய குண்டுக்கு மூக்குல ஒரு கண், வால்ல ஒரு சிறகு மாட்டினாங்க. பேவ்வே என்று பேர். ஆரம்ப சோதனைகளில் மாட்டியது எம்-117 என்ற கொரியப் போர் காலத்து 750 பவுண்டு குண்டுலதான்.

இது வேலை செய்யற விதம் தெரிஞ்சா நம்ம ஆளுங்களுக்குச் சிரிப்பு வரும். விமானத்திலிருந்தோ தரையிலிருந்தோ ஒருத்தர் இலக்கு மேல லேசர் அடிக்கணும். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசர். அது இலக்கில் பட்டுத் தெறிக்கும். குண்டு மூக்குல இருக்கிற சென்சார் நாலு பாகமாப் பிரிச்ச ஒரு வட்டம். இடது பாகத்தில் வெளிச்சம் அதிகமா? இடதுபக்கம் திருப்பு. மேல் பாகத்தில் அதிகமா? மேல திருப்பு. அவ்வளவுதான்! நாலு இஃப்-எல்ஸ். முதல் தலைமுறைகளில் "கொஞ்சமா திருப்பு" என்பதுகூடக் கிடையாது, திருப்பினா முழுசா திருப்பும். அதனால குண்டு லேசா ஆடி ஆடித்தான் போகும். ரெண்டு விமானம் ஒரே நேரத்தில் லேசர் அடிச்சா குண்டு குழம்பாம இருக்க, துடிப்புகளுக்குத் தனித்தனி கோடு நம்பர் உண்டு. பாஸ்வேர்டு மாதிரி.

கிளைவ் காலத்திலிருந்து "ஆள் கிட்டப் போகணும்" என்றிருந்த விதி இங்கேதான் மாறிச்சு. இனிமே ஆள் தூரத்தில் இருக்கலாம், கண் மட்டும் குண்டோட போகும்.

கார்கில், 1999

நம்ம நாட்டுக்கு இந்த மாற்றம் வந்தது ஒரு நெருக்கடியில்.

1999 மே 26-ல் விமானப்படை கார்கில் சண்டையில் இறங்கியது. ஆபரேஷன் சஃபேத் சாகர். எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டக் கூடாது என்பது அரசு போட்ட நிபந்தனை. மறுநாளே ஒரு மிக்-27, ஒரு மிக்-21 போச்சு. நச்சிகேதா சிறைபிடிக்கப்பட்டார், அஜய் அஹுஜா உயிரிழந்தார். 28-ம் தேதி எம்.ஐ.-17 ஹெலிகாப்டர் ஒன்று ஏவுகணையில் அடிபட்டு அதிலிருந்த நாலு பேரும் இறந்தார்கள். தோளில் வைத்துச் சுடும் ஸ்டிங்கர் ஏவுகணை மலை உச்சியில் காத்துக்கிட்டு இருந்தது. கிட்டப் போற பழைய வழி அடைபட்டுப் போச்சு.

அடுத்த நாள், மே 29-ல், படாலிக் பகுதியில் மேஜர் மாரியப்பன் சரவணன் உயிரிழந்தார். நம்ம திருச்சிக்காரர். பீகார் ரெஜிமென்ட். மேலே பதுங்குகுழியில் எதிரி, கீழே இருந்து ஏறிப் போகணும். அவர் உடல் ஒரு மாசத்துக்கு மேல பனியிலேயே கிடந்து, அதுக்கப்புறம்தான் மீட்க முடிந்தது. விமானத்திலிருந்து விழற குண்டு நூறு மீட்டர் தள்ளி விழுந்தா என்ன ஆகும் என்பதை இந்த இடத்தில் வெச்சுப் பார்க்கணும். சமவெளியில் நூறு மீட்டர் தள்ளி விழுந்தாலும் சேதம் கொஞ்சமாவது இருக்கும். கத்தி மாதிரி இருக்கிற மலை முகட்டில் நூறு மீட்டர் தள்ளினா குண்டு அந்தப் பக்கப் பள்ளத்தாக்கில் போய் விழும். பதுங்குகுழியில் இருக்கிறவன் டீ குடிச்சுக்கிட்டு இருப்பான். ஏறிப் போற நம்ம ஆள்தான் சாகணும்.

அதனால் மிராஜ்-2000 விமானங்களை இறக்கினாங்க. ஏவுகணைக்கு எட்டாத உயரத்திலிருந்து அடிக்கணும். ஜூன் 17-ல் முந்தோ தாலோ என்ற இடத்தில் இருந்த எதிரியின் பெரிய கிடங்கு முகாமை மிராஜ்கள் அழித்தன. போட்டது 250 கிலோ சாதாரணக் குண்டுகள்தான், விமானத்தின் கம்ப்யூட்டர் நல்லா இருந்ததால் முகாம் அளவு இலக்குக்கு அது போதுமாயிருந்தது.

ஆனா டைகர் ஹில் வேற. கடல்மட்டத்திலிருந்து 5,000 மீட்டருக்கு மேல, உச்சியில் சில பதுங்குகுழிகள். இதுக்குக் கண்ணு வேணும். இஸ்ரேலின் லைட்டனிங் என்ற லேசர் கருவியை மிராஜில் பொருத்தும் வேலை அப்போதான் நடந்துக்கிட்டு இருந்தது. 1998 பொக்ரான் சோதனைக்கப்புறம் அமெரிக்கா போட்ட தடை வேற அமலில் இருந்தது. போர் நடந்துக்கிட்டு இருக்கிறப்பவே பொறியாளர்களும் பைலட்டுகளும் அவசர அவசரமா சோதனை பண்ணி, 1,000 பவுண்டு பழைய குண்டில் பேவ்வே கண்ணை மாட்டித் தயார் பண்ணாங்க. டெட்லைன்னு நாம புலம்பறோமே, அதெல்லாம் ஒரு டெட்லைனா?

ஜூன் 24. டைகர் ஹில் மேல லேசர் குண்டு விழுந்தது. இந்திய விமானப்படை சண்டையில் லேசர் வழிகாட்டிக் குண்டை மிராஜிலிருந்து போட்டது அன்றைக்குத்தான் முதல் முறை. தலைமைத் தளபதி டிப்னிஸே ஒரு மிராஜின் பின் இருக்கையில் உட்கார்ந்து அதைப் பார்த்தார். ஜூலை 4-ல் டைகர் ஹில் நம்ம தரைப்படை கைக்கு வந்தது.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிடறேன். கார்கிலில் போட்ட லேசர் குண்டுகள் மொத்தமே பத்துக்கும் குறைவு. மீதி எல்லாம் சாதாரணக் குண்டு. மலையைப் பிடிச்சது கடைசியில் கால்நடையா ஏறின சிப்பாய்தான். லேசர் குண்டுதான் கார்கிலை ஜெயிச்சதுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. ஆனா எதிர்காலம் எந்தப் பக்கம்னு அந்தப் பத்துக்கும் குறைவான குண்டுகள் காட்டிடுச்சு.

பேட்ச் மேல பேட்ச்

லேசருக்கு ஒரு பலவீனம். மேகம், புகை, புழுதி வந்தா வேலை செய்யாது. 1991 வளைகுடாப் போரில் அமெரிக்காவுக்கு இது பெரிய தலைவலி. அதுக்கு மாற்றாக வந்தது ஜேடாம். குண்டின் வாலைக் கழட்டிட்டு, ஜி.பி.எஸ். வைத்த புது வாலை மாட்டுறது. தொடக்க காலத்தில் ஒரு வால் சுமார் 20,000 டாலர். ஒரு டொமஹாக் ஏவுகணை பத்து லட்சம் டாலரைத் தாண்டும். கணக்கு புரியுதா? பழைய இரும்பு ஏற்கனவே கிடங்கில் மலை மாதிரி கிடக்கு, வாங்க வேண்டியது வால் மட்டும்.

அதே வளைகுடாப் போரில் இன்னொரு கூத்து. ஆழத்தில் இருக்கும் பதுங்கறைகளை உடைக்க அவசரமாக் கனமான குண்டு வேணும், உறைக்கு இரும்பு வார்க்க நேரமில்லை. பழைய 8 அங்குல பீரங்கிக் குழாய்களை எடுத்து வெட்டி, குடைந்து, வெடிமருந்தை ஊத்தி, லேசர் மூக்கை மாட்டிட்டாங்க. சில வாரத்தில் குண்டு ரெடி. ஜி.பி.யு.-28. பிப்ரவரி கடைசியில் போட்டும் ஆச்சு. பீரங்கியே குண்டாக மறுபிறவி எடுத்த கதை. கிளைவ் பார்த்திருந்தா மயங்கி விழுந்திருப்பார்.

நம்ம பக்கம் பார்த்தீங்கன்னா, டி.ஆர்.டி.ஓ.வின் பெங்களூர் ஆய்வுக்கூடம் சுதர்ஷன் என்ற லேசர் கிட்டை உருவாக்கி 2010-ல் சோதனை முடிச்சது. அதுவும் 1,000 பவுண்டு குண்டில் மாட்டுறதுதான். 2019 பிப்ரவரி 26-ல் பாலகோட்டில் மிராஜ்கள் போட்ட ஸ்பைஸ்-2000 என்பதும் இஸ்ரேல் கிட்தான். 2,000 பவுண்டு வகைக் குண்டில் மாட்டினா, முன்னாடியே ஏற்றி வைத்த படத்தோடு இலக்கை ஒப்பிட்டுப் பார்த்துப் போகும். 2024 ஆகஸ்டில் ஒடிசா கடற்கரையில் கௌரவ் என்ற 1,000 கிலோ சிறகுக் குண்டைச் சோதிச்சாங்க. 2025 ஏப்ரல் சோதனையில் அது 100 கிலோமீட்டருக்குப் பக்கத்தில் போச்சு.

மாமா பார்த்த அந்த வீடியோ விஷயத்துக்கு வருவோம். ரஷ்யா 2023 தொடக்கத்திலிருந்து யு.எம்.பி.கே. என்ற சிறகுக் கிட்டை சோவியத் காலக் குண்டுகளில் மாட்ட ஆரம்பிச்சது. பார்க்கவே அசிங்கமா இருக்கும், பட்டறையில் அடிச்ச தகர வேலை மாதிரி. ஆனா விமானம் எதிரியின் ஏவுகணை எல்லைக்குள் வராமலே 40, 50 கிலோமீட்டர் தள்ளி நின்னு விட்டுட்டுப் போகலாம். முதலில் 500 கிலோ, அப்புறம் 1,500 கிலோ, 2024-ல் 3,000 கிலோ குண்டுக்கும் சிறகு வந்தது. 1954 மாடல் கிழவன் 2024-ல் பறக்கிறான். ஜேடாம் அளவு துல்லியம் இல்லை. ஆனா 3,000 கிலோ விழற இடத்தில் பத்து இருபது மீட்டர் தள்ளி விழுந்தா என்ன, விழாட்டி என்ன. 2024 மே மாதம் கார்கிவ் நகரில் வீட்டுச் சாமான் விற்கும் பெரிய கடை ஒன்றில் இந்தச் சிறகுக் குண்டுகள் விழுந்து, சனிக்கிழமை சாமான் வாங்க வந்தவங்க பத்துப் பேருக்கும் மேல இறந்து போனாங்க.

கண் இருக்கு, சரி...

இதுவரைக்கும் படிச்சவங்க "சபாஷ், டெக்னாலஜி!" என்று நினைச்சிருக்கலாம். நானும் அப்படித்தான் நினைச்சுக்கிட்டு இருந்தேன். துல்லியம் கூடினா அப்பாவிகள் சாவது குறையும் என்பது எனக்கு ரொம்ப நாளா இருந்த நம்பிக்கை.

அந்த நம்பிக்கைக்குக் காரணமும் இருக்கு. 1995 ஜூலை 9-ல் யாழ்ப்பாணம் நவாலியில், சண்டைக்குப் பயந்து புனித பேதுரு தேவாலயத்தில் தஞ்சம் புகுந்திருந்த மக்கள் மேல இலங்கை விமானப்படையின் குண்டு விழுந்தது. நூறு பேருக்கும் மேல செத்துப் போனாங்க. யாழ்ப்பாணத்தில் ஒரு தலைமுறையே வீட்டு முற்றத்தில் பங்கர் வெட்டி வளர்ந்தது. கண்ணில்லாத குண்டு என்றால் என்னன்னு நம்ம மொழி பேசறவங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். குண்டுக்குக் கண் இருந்திருந்தா இதெல்லாம் நடந்திருக்காதே என்றுதான் நினைச்சேன்.

அப்புறம் ரெண்டு சம்பவங்களைப் படிச்சேன்.

ஒண்ணு, 1991 பிப்ரவரி 13, பாக்தாத், அமிரியா. அமெரிக்காவின் 2,000 பவுண்டு லேசர் குண்டுகள் ரெண்டு ஒரு கான்கிரீட் கட்டடத்தைத் துளைச்சு உள்ளே போய் வெடிச்சது. அச்சு பிசகாத குறி. ராணுவக் கட்டளை மையம் என்று நினைச்சு அடிச்சாங்க. உள்ளே இருந்தது குடும்பங்கள், பதுங்கிடத்தில் தூங்கிக்கிட்டு இருந்தவங்க. 400 பேருக்கும் மேல இறந்தார்கள்.

ரெண்டாவது, 1999 மே 7, பெல்கிரேட். கார்கில் சண்டை சூடு பிடிச்ச அதே மாசம். அஞ்சு ஜேடாம் குண்டுகள் சொன்ன இடத்தில் சரியாப் போய் விழுந்தன. அது சீனத் தூதரகம். மூணு சீனப் பத்திரிகையாளர்கள் இறந்தாங்க. பழைய வரைபடம், தப்பான முகவரி, வேற ஒரு அலுவலகம்னு நினைச்சுட்டோம் என்பது அமெரிக்கா கொடுத்த விளக்கம். சீனா அதை ஏற்கலை.

நம்ம தொழிலில் இதுக்குப் பேர் இருக்கு. குப்பையை உள்ளே போட்டா குப்பைதான் வெளியே வரும். ப்ரோகிராம் தப்பே பண்ணலை, எல்லா டெஸ்ட் கேஸும் பாஸ். இன்புட் தப்பு. எங்க ஆபீஸ்ல இன்புட் தப்பாப் போனா ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு போன் வரும், ஒரு சாரி மெயில் போகும், ரோல்பேக் பண்ணிட்டுத் தூங்கப் போயிடலாம். குண்டுக்கு ரோல்பேக் கிடையாது.

கண்ணில்லாத குண்டு தப்பா விழுந்தா "குறி தவறிடுச்சு" என்று சொல்லலாம். பொய்யாவே இருந்தாலும் சொல்லிக்க ஒரு இடம் இருந்தது. கண்ணுள்ள குண்டு விழுந்த இடம் யாரோ ஒருத்தர் தேர்ந்தெடுத்த இடம். அதனால கேள்வி குண்டை விட்டுட்டு மனுஷன்கிட்ட திரும்புது. யார் அந்த இடத்தைச் சொன்னது? எதை நம்பிச் சொன்னார்? உள்ளே யார் இருக்காங்கன்னு பார்த்தாரா? பழைய காலத்தில் டைவ் அடிச்ச பைலட்டுக்குக் கீழே இருக்கிறது கொஞ்சமாவது கண்ணில் பட்டது, தன் உயிரும் அதில் பணயமா இருந்தது. இப்போ 50 கிலோமீட்டர் தள்ளி நின்னு விடறவனுக்கு ரெண்டும் இல்லை. குண்டுக்குக் கண் கொடுத்தோம். அனுப்பறவன் பார்க்க வேண்டிய அவசியம் போயிடுச்சு.

இன்னொண்ணு, விலை. ஏவுகணை விலை பயமுறுத்தறதால யோசிச்சு அனுப்புவாங்க. பழைய குண்டுக்கு மலிவான சிறகு கிடைச்சா யோசனை குறைஞ்சுடும். உக்ரைனில் நடக்கறது அதுதான். துல்லியம் வந்தா குண்டு எண்ணிக்கை குறையும்னு எதிர்பார்த்தோம், மலிவு வந்து அதைக் கூட்டிடுச்சு.

திரும்பி வர்ற வழியில்

சாயங்காலம் கடற்கரைக் கோயில் பக்கம் போய் உட்கார்ந்தோம். தாம்பரத்தில் பயிற்றுநர்களுக்கான விமானப்படைப் பள்ளி இருக்கிறதால எங்க மாவட்ட வானத்தில் பயிற்சி விமானம் பறக்கறது சகஜம். அன்னிக்கும் ஒண்ணு தூரத்தில் வட்டம் அடிச்சுக்கிட்டு இருந்தது. மாமா சத்தத்தை வெச்சே அது என்ன எஞ்சின்னு சொன்னார்.

நான் கேட்டேன்: "மாமா, நீங்க மாட்டி அனுப்புன குண்டெல்லாம் எங்க விழுந்ததுன்னு தெரியுமா?"

"ரன்வேன்னு சொன்னாங்க. சில நாள் எதுவும் சொல்ல மாட்டாங்க. விமானம் காலியா திரும்பி வரும். நாங்க அடுத்ததை மாட்டுவோம்."

கொஞ்ச நேரம் அலையைப் பார்த்துக்கிட்டு இருந்துட்டு அவரே சொன்னார்: "எல்லாமே ரன்வேல விழுந்திருக்கும்னுதான் இத்தனை வருஷம் நினைச்சுக்கிட்டு இருக்கேன். அந்தக் குண்டுக்குக் கண்ணு இல்லாததுல ஒரு சவுகரியம் தம்பி. எங்க விழுந்துச்சுன்னு அதாலயும் வந்து சொல்ல முடியாது."

அதுக்கு என்ன பதில் சொல்றதுன்னு எனக்குத் தெரியலை. பைக்கை எடுத்தேன். திருக்கழுக்குன்றம் வர்ற வரைக்கும் ரெண்டு பேரும் பேசிக்கலை.

டிஸ்கி: நான் ராணுவ நிபுணன் கிடையாது, கோடு தட்டறவன். தகவலில் பிழை இருந்தா பின்னூட்டத்தில் சுட்டிக்காட்டுங்க, திருத்திடறேன். 1942 "எவாகுவேஷன்" பத்தி உங்க வீட்டுப் பெரியவங்க சொன்ன கதை ஏதாவது இருந்தாலும் எழுதுங்க. அதைக் கேட்க இனிமே ரொம்ப நாள் இல்லை.